வலது கால் மேல் விழுந்த பழி

என் தங்கை புருஷனுக்கு அவன் அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ரேஸ் ஓட்டுகிற கூட்டத்தில் எல்லோருக்கும் அவன் மூக்கன். அந்தப் பெயரைக் கேட்டால் அவனுக்குக் கோபம் வராது, பூரித்துப் போவான். ஏனென்றால் அது அவனே பரப்பிவிட்ட பெயர். எஞ்சினை ஓடவிட்டுப் பின்பக்கம் போய், புகைக் குழாயருகே குனிந்து, கண்ணை மூடி, மல்லிகையை முகர்கிற மாதிரி ஓர் இழுப்பு இழுப்பான். பிறகு மெதுவாக நிமிர்ந்து, "பெட்ரோல் கொஞ்சம் தூக்கல்" என்பான். சுற்றி நிற்கிற அசடுகள் வாயைப் பிளக்கும். காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் கலந்து எரிகிறது என்று சொல்வதற்கு மீட்டர் இருக்கிறது. நானே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "அதெல்லாம் மூக்கு இல்லாதவங்களுக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டான். அதன் மேல் அவன் ஜெயித்த கோப்பைகளை அடுக்கியிருக்கிறான். ஜெயித்தது வண்டியை ஓட்டிய என் தங்கை. அதை அந்த வீட்டில் சொல்லிவிட்டு டீ குடித்துத் திரும்ப முடியாது.

நான் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். தேய்ந்துபோன சிலிண்டர்களைக் கடைந்து புது பிஸ்டனுக்குப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வாய் நீளம், கை சுத்தம் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

மூக்கனின் ரேஸ் காருக்கு எட்டு சிலிண்டர். எஞ்சின் தலையில் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிற பெரிய ஊதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே, பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற இரண்டு கார்புரேட்டர். காற்றை அப்படித் திணிக்கும்போது பெட்ரோலும் ஈடுகொடுத்துப் போக வேண்டும். அதை அளந்துவிடுவது ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் திருகு. நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டை சிறுத்தால் பெட்ரோல் குறையும், உள்ளே சூடு தாறுமாறாக ஏறும், பிஸ்டன் மெழுகு மாதிரி உருகும். இது தெரியாதவன் இந்த எஞ்சினைத் தொடவே கூடாது. மூக்கனுக்கு இது நன்றாகத் தெரியும். இந்த விஷயத்தில் என் வயிற்றெரிச்சல் ஆறாததற்கு அதுதான் காரணம்.

முதல் பிஸ்டன் உருகியபோது, சரி, எஞ்சின் என்றால் போகும் என்று விட்டேன். இரண்டாவது உருகியபோது மூக்கன் தீர்ப்புச் சொன்னான். தப்பு கலவையில் இல்லையாம், தங்கையின் வலது காலில் இருக்கிறதாம். கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் எஞ்சினைப் போட்டு முறுக்குகிறாளாம். என் தங்கை பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பேருந்து நிறையக் குழந்தைகளை மேட்டிலும் பள்ளத்திலும் ஏற்றி இறக்கி, ஒரு குழந்தையின் தண்ணீர்ப் பாட்டில்கூடச் சீட்டிலிருந்து உருளாமல் ஓட்டுகிறவள். அந்தக் காலைத்தான் இவன் குறை சொன்னான்.

"கலவைல தப்பில்லைன்னு எப்படிச் சொல்றீங்க மாப்ள?" என்று கேட்டேன்.

"பிளக்கைப் பாத்தேன்கா. கன்னங்கரேல்னு இருந்துச்சு. கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தின்னு அர்த்தம். ஜாஸ்தியா போறப்ப எப்படி உருகும்? அவ கால்தான்."

உள்ளே பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கின் நிறம் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து வண்டியைச் சும்மா உருளவிட வேண்டும். நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் ஓடிய ஓட்டத்தின் நிறம் அதில் இருக்கும். மூக்கன் என்ன செய்வான் தெரியுமா? ரேஸ் நடப்பது கைவிட்ட விமான ஓடுபாதையில். தங்கை உயிரைக் கொடுத்து ஓட்டிக் கடைசி முனையில் நிறுத்துவாள். இவன் அங்கே போய்க் காத்திருந்து, அவளை இறக்கிவிட்டு, தான் ஏறிக்கொள்வான். பிறகு முதல் கியரில் ஊர்ந்துகொண்டே, ஜன்னலில் முழங்கையை வைத்து, பார்க்க வந்த கூட்டம் முழுவதற்கும் கையாட்டியபடி திரும்பி வருவான். மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது. யாராவது போட்டோ எடுத்தால் நிறுத்தி நிதானமாகச் சிரிப்பான். அந்த எஞ்சின் அத்தனை மெதுவாக ஓடினால் பெட்ரோல் எரியாமல் வழிந்து எட்டுப் பிளக்கிலும் அடுப்புக்கரி அப்பிக்கொள்ளும். கொட்டகைக்கு வந்து கழற்றிப் பார்த்தால் கருப்பாக இல்லாமல் பின்னே எப்படி இருக்கும்? அவன் பார்த்தது தங்கை ஓடிய ஓட்டத்தை அல்ல, அவன் கையாட்டியதை. அதைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் ஜாஸ்தி என்று இன்னும் ஒரு நம்பர் சிறிய ஓட்டையுள்ள ஜெட்டை மாட்டுவான். அடுத்த ஓட்டத்தில் பிஸ்டன் உருகும்.

மூன்றாவதும் உருகி எஞ்சின் என் பட்டறைக்கு வந்தது. பிஸ்டன் தலையில் நட்டநடுவில் ஓட்டை, சுற்றிலும் வெள்ளி மணல் தூவின மாதிரி அலுமினியப் பொட்டுகள். முறுக்கியதில் போன எஞ்சினாக இருந்தால் வால்வு வளைந்திருக்கும், பிஸ்டனைத் தாங்குகிற ராடு கோணியிருக்கும். இதில் எல்லாம் நேராக இருந்தன. இது பெட்ரோல் பற்றாமல் வெந்த எஞ்சின். பிஸ்டனைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். கூடத்தில் அவன், அவன் அம்மா, அவன் தம்பி மூன்று பேரும் இருந்தார்கள். என் தங்கை சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த எஞ்சின் பட்டினி கிடந்து செத்திருக்கு மாப்ள" என்று மேசையில் வைத்தேன். "ஊர்வலம் வர்றதுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டிப் பாருங்க. கருப்பா இருக்கா, இல்ல பெட்ரோல் பத்தாம சுண்ணாம்பா வெளுத்திருக்கான்னு தெரியும்."

அவன் பிஸ்டனை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். அந்த வெள்ளிப் பொட்டுகளைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினான். ஒரு நொடி அவன் முகம் மாறியதை நான் கவனித்தேன். அப்புறம் வழக்கமான சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, நீங்க இரும்பு கடையறதுல கெட்டிக்காரங்க. கலவை வேற விஷயம்."

"அதான, அவனுக்குத் தெரியாததா" என்றார் அவன் அம்மா. "மூணு எஞ்சின் போச்சு. பொம்பளை கால் கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும். இனிமே சின்னவன் ஓட்டட்டும்."

அந்தப் பெண்மணி வாழ்நாளில் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டு போனதில்லை. நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் முடிவாகிவிட்டது: வருகிற பெரிய ரேஸில் மூக்கனின் தம்பி ஓட்டுவான். தம்பி நல்ல பையன்தான். அண்ணியைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தரையையே பார்த்தான்.

வாசல்வரை என்னை விடவந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, பஸ் வேலையை விட்டுடலாமான்னு பாக்கறேன்."

"ஏண்டி?"

"பிரேக்ல கால வைக்கறப்பல்லாம் சரியாத்தான் மிதிக்கறனான்னு சந்தேகம் வருது. முந்தாநாள் சிக்னல்ல தேவையில்லாம அடிச்சு நிறுத்திட்டேன். ஒரு பாப்பாவுக்கு உதட்டுல அடி. மூணு தடவை ஒரே தப்பு பண்ற காலு, அதை நம்பி எப்படிக்கா குழந்தைங்களை ஏத்தறது?"

அவன் ஒரு வண்டியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் அதுவரை கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். அவன் கெடுத்துக்கொண்டிருந்தது என் தங்கையை. உன் காலில் ஒன்றும் இல்லை என்று எத்தனையோ சொன்னேன். தலையாட்டினாளே தவிர நம்பவில்லை. அக்கா தங்கைக்காகத்தானே பேசுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

எஞ்சினைக் கடைந்து கொடுத்த பிறகு ஒருநாள் மதியம், தங்கை பேருந்தோடு போயிருக்கிற நேரமாகப் பார்த்து, மூக்கன் என் பட்டறைக்கு வந்தான். நலம் விசாரித்தான். அவன் என்னை நலம் விசாரித்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே நான்கு ஜெட்.

"இதுல ஓட்டையை ரெண்டு நம்பர் பெருசு பண்ணித் தரணும்கா. உங்க கை சுத்தம், அதான் வந்தேன்."

"கடையில விக்குதே."

"கடைக்காரன் ஊரெல்லாம் சொல்லிடுவான். இது நம்மளுக்குள்ளயே இருக்கட்டும்."

நான் ஜெட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். அவனையும் பார்த்தேன். "பெட்ரோல் ஜாஸ்தின்னு சொன்னீங்களே மாப்ள. இப்ப இன்னும் ஜாஸ்தி பண்றீங்க?"

"தம்பி ஓட்டப் போறான்ல" என்றான். "அவன் புதுசு. கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னு."

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அப்போதே புரிந்தது. மூன்றாவது பிஸ்டனைத் தடவிய அந்த நொடியிலேயே இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பெட்ரோல் பற்றவில்லை, தப்பு தன்னுடையது என்று. அதை மனைவி ஓட்டும்போது திருத்தினால் தோற்றது மூக்கு. தம்பி ஓட்டும்போது திருத்தினால் பிஸ்டன் தாங்கும், பார்த்தீர்களா, கால்தான் காரணம் என்று ஊரே சொல்லும். தப்பையும் சரிசெய்துகொள்ளலாம், பழியும் அவள் தலையிலேயே கிடக்கும். இத்தனை யோசிக்கிற மூளையை இத்தனை நாள் கார்புரேட்டரில் காட்டியிருக்கலாம்.

ஓட்டையைக் கோணலாகப் போட்டுவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. ஆனால் ஓட்டப்போவது அந்தக் கூச்சக்காரப் பையன். அதுவுமல்லாமல் தப்பாக வேலை செய்ய என் கை படியாது. மயிரிழை பிசகாமல் இரண்டு நம்பர் பெரிதாக்கி, பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தேன். "ரொம்ப நன்றிக்கா" என்று போனான். அன்று சாயங்காலமே தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நிஜமாத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

"என் கையால துளை போட்டேன்டி."

தன் வலது காலை நீட்டிப் பார்த்தாள். "நீ சொல்றது போதாதுக்கா" என்றாள். "நான் ஓட்டிப் பாக்கணும்."

பெரிய ரேஸுக்கு முன்னால் ஒத்திகை ஓட்டம். வெயில் உறைக்காத காலை நேரம். ஓடுபாதை ஓரத்தில் ரேஸ் கூட்டம் மொத்தமும் திரண்டிருந்தது. மூக்கனின் அம்மாகூட மடக்கு நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். தம்பி புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, தண்டனைக்கு நிற்பவன் மாதிரி வண்டிப் பக்கம் நின்றான். மூன்று பிஸ்டன் போன வண்டியில் ஏறுவதற்கு யாருக்குத்தான் ஆசை இருக்கும்? மூக்கன் புகைக் குழாயருகே குனிந்து, கூட்டம் பார்க்கிறதா என்று ஓரக்கண்ணால் சரிபார்த்துவிட்டு, முகர்ந்தான்.

"அருமை" என்றான். "தேன் மாதிரி இருக்கு."

தங்கை ஹெல்மெட்டோடு நேராக வண்டியிடம் போனாள். "கொழுந்தனாரே, முதல் ஓட்டம் நான் ஓட்டிக்கறேன்" என்றாள்.

தம்பியின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். கதவையே திறந்துவிட்டான். மூக்கன் பாய்ந்து வந்தான்.

"வேணாம், வேணாம். நீ ஓட்டக் கூடாது."

"ஏங்க?"

"ஏன்னா..." என்று இழுத்தான். ஏன் என்று அவனால் சொல்ல முடியாது. "பிஸ்டன் போயிடும்ல. உன் கால் பத்தித் தெரியுமே."

"போனா நான் கடைஞ்சு தரேன் மாப்ள" என்றேன் நான். "எனக்கு வேலைதான."

அவன் அம்மாதான் காரியத்தை முடித்துவைத்தார். குடைக்கு அடியிலிருந்து, "ஓட்டட்டும் விடுடா" என்றார். "கடைசியா ஒண்ணு போகட்டும். அப்புறமாவது அக்காளும் தங்கச்சியும் வாயை மூடிட்டு இருப்பாங்க." அந்த அம்மாளுக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

வண்டி கிளம்பிய சத்தத்தில் தரை அதிர்ந்தது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு மாற்றத்திலும் அவள் காலெடுத்து வைப்பது காதில் கேட்டது. வெட்டினாற்போல் ஒரு நிறுத்தம், மறுபடி இழுப்பு. முறுக்கல் எதுவும் இல்லை. முனைக்குக் கிட்டே, முழு வேகத்தில், எஞ்சின் சத்தம் பட்டென்று நின்றது. கூட்டம் "ஐயோ, போச்சு" என்றது. மூக்கன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வேண்டிக்கொண்டது பிஸ்டன் தாங்கவா, உருகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வண்டி சத்தமில்லாமல் உருண்டு போய் நின்றது. பிளக்கின் நிறம் பார்ப்பதற்காக அணைத்தது அவள்தான்.

நான் ஸ்பேனரோடு ஓடினேன். மூக்கன் எனக்கு முன்னால் ஓடி, வழக்கம்போல ஏறி உட்காரப் பார்த்தான். அவள் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, "அக்கா பிளக்கைக் கழட்டட்டும்" என்றாள். அதற்குள் கூட்டமும் வந்து சூழ்ந்துகொண்டது. எட்டுப் பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தேன். எட்டும் பால் கலந்த டீ நிறம், கலவை சரியாக இருந்தால் வருகிற நிறம். உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். பிஸ்டன்கள் புதுசாக என் பட்டறையிலிருந்து போன மாதிரியே இருந்தன.

ரேஸில் கொடி அசைக்கிறவர் பிளக்குகளைக் குனிந்து பார்த்தார். "என்னமா ஓட்டியிருக்கு இந்தப் பொண்ணு" என்றார். "கியர் மாத்தினதைக் கேட்டீங்களா? எல்லாம் அந்தக் கால்தான்."

"கால்னா இதுல்ல கால்" என்றான் இன்னொருவன். ஆளாளுக்குத் தங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

நான் மூக்கனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பான். மனைவி காலை எப்படியோ பழக்கிக்கொண்டாள் என்று சொல்லிக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் புகழ் தன்னைத் தாண்டி வேறொருவருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியாது. அது அவனுக்குப் பசி மாதிரி.

"காலாவது கையாவது" என்றான் சத்தமாக. "ரெண்டு நம்பர் ஜெட்டு ஏத்தினேன். அதான் தாங்குச்சு. ஓட்டினதுல ஒண்ணுமில்ல, எல்லாம் கலவை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவன் தம்பிதான் மெதுவாகக் கேட்டான்.

"எப்ப ஏத்தினண்ணே?"

"இப்பத்தான்... இந்த வாரம்."

"எனக்காகவா?"

மூக்கன் குனிந்து ஒரு பிளக்கை எடுத்துத் துணியில் துடைத்தான்.

"அப்ப அண்ணி ஓட்டறப்ப ஏன் ஏத்தல?"

தம்பி புதுக் கையுறையைக் கழற்றி வண்டியின் கூரை மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். மூக்கன் தங்கையின் பக்கத்தில் போய்க் குரலைத் தணித்துக்கொண்டான், எனக்குக் கேட்டது.

"பெரிய ரேஸையும் நீயே ஓட்டு. போதுமா? எல்லார் முன்னாடியும் கலவை தப்புன்னு எப்படிச் சொல்றது? என் மானம் என்ன ஆறது? இத்தனை வருஷமா மூக்கன் மூக்கன்னு..."

தங்கை அவனை முழுசாகப் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"உங்களுக்கு மூக்கு போயிடும்னு பயம். நான் கால் போச்சுன்னே நம்பிட்டேன். ஒரு பாப்பாவுக்கு உதடு கிழிஞ்சுது. அக்கா பிஸ்டனைக் காட்டிட்டுப் போன அன்னிக்கு ராத்திரி அதைச் சொல்லி அழுதேன். பக்கத்துல உக்காந்து, பாத்தியா, நான் சொன்னேன்லன்னு தலையைத் தடவிக் குடுத்தீங்க. அப்பவே உங்களுக்குத் தெரியும்."

அவன் தலை குனிந்தான். அவனைப் பார்த்து நக்கலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை வருஷத்தில் அன்றுதான் அப்படி.

அவள் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "வண்டியைக் கட்டி இழுத்துட்டு வாக்கா" என்றாள். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு." ஓடுபாதையின் நடுவில் தனியாக நடந்து போனாள். கொஞ்ச தூரம் போனதும் நின்று, வலது காலைத் தூக்கித் தரையில் ஒரு தடவை அழுத்தி மிதித்துப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.